அட்டையில் மூன்று பேர்

ஒரு விடுகதை போடட்டுமா அம்மிணி? டோக்கன் வர நேரம் இருக்கிறது. அட்டையில் மூன்று பேர். வீட்டில் சோற்றுத் தட்டு இரண்டு. எழுதினவர்கள் யாரும் பொய் எழுதவில்லை. அது எப்படி?

ஒருத்தர் வெளியூரில் வேலை செய்கிறார் என்கிறீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் கேட்டபோது ஒருத்தி, "மூணாவது ஆளு வெரதமா இருக்கும்" என்றாள். சரியான விடையை ஒரே ஒருத்திதான் சட்டென்று சொன்னாள். அவளுக்கு எட்டு வயது. தமிழ் அவளுடைய பாஷைகூட இல்லை. அவள்மேல்தான் எனக்கு மனத்தாங்கல்.

உங்கள் டோக்கன் எத்தனை? நாற்பத்தேழா. எனக்கு நாற்பத்தாறு. இப்போது முப்பத்தொன்றுதான் ஓடுகிறது. குழந்தையைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். பேர் சேர்க்க வந்தீர்களா? நல்லது. ரேஷன் கார்டில் சேர்த்த கையோடு வருமானச் சான்றிதழ் வாங்கி, காப்பீட்டு அட்டையும் போட்டுவிடுங்கள். அது இருந்தால்தான் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கேட்காமல் பார்ப்பார்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இந்த வரிசையைப் பாருங்கள். மருமகள் பேரைச் சேர்க்க ஒருத்தர், பிறந்த குழந்தை பேரைச் சேர்க்க ஒருத்தர். பேரை எடுக்க நிற்பது நான் ஒருத்திதான்.

என் மகள் பேர். கவிநயா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகை மழையில் டெங்குக் காய்ச்சல். ஆறரை வயது. அப்போது எங்களிடம் காப்பீட்டு அட்டை இல்லை. வருமானச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் இல்லை. மூன்றாவது தடவை போகவில்லை. ஷிப்மென்ட் நேரம், கம்பெனியில் லீவு தரமாட்டார்கள். அவர் ஒழுங்காக ஆபீசில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். நான் அதைத்தான் சொல்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தோம். கையில் இருந்தது தீர்ந்ததும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றினோம். அங்கே ஐந்து நாள்.

அவள் போய்ப் பதினோரு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. வந்ததை வீணாக்குவானேன் என்று போய் அட்டை போட்டேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் ரேஷன் கார்டைப் பார்த்து, "மூணு பேருங்களாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கார்டில் மூன்று பேர்தானே இருந்தது. வீட்டுக்காரர் நடராசு, நான், கவி. பொய் ஒன்றும் இல்லையே.

ஊரில் பலபேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அரிசிக்காக என்பார்கள். நான் அரிசிக்காக வைக்கவில்லை.

நாங்கள் இருப்பது காம்பவுண்டு வீடு. வரிசையாக எட்டு ரூம், ஒரு குழாய். மூன்றாவது ரூமில் ஒடிசாக்காரர்கள். அவன் பேர் பிஜய், சாயப்பட்டறையில் வேலை. அவள் ரெபதி. நம் ஊர் ரேவதிதான், அவர்கள் வாயில் ரெபதி ஆகிறது. வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டுவாள். தைத்து வந்த பனியனில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது, அதுதான் வேலை. ஒரே பெண், லிப்சா. அவளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெட்டின நூலைக் கலர் கலராகப் பிரித்துத் தீப்பெட்டிகளில் போட்டு வைப்பாள். அவளுக்குத்தான் தமிழ் வரும். கடைக்குப் போனாலும் ஓனரிடம் பேசினாலும் அம்மாவுக்கு அவள்தான் வாய்.

அந்தப் பிள்ளை ஓடிப் பிடித்து விளையாடாது. விளையாடினால் நாலு எட்டு ஓடிவிட்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துகொள்ளும். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் டாக்டர்கள் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. இருதயத்தில் ஓட்டை. இத்தனை நாள் விட்டதே தப்பு, இனி தள்ளினால் ஆபத்து என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தனியாரில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும்.

பிஜய் அலைந்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். சாயப்பட்டறையில் கேட்டான். "நீ எங்க ஆளே இல்லையேப்பா, கான்ட்ராக்டர் ஆளு. கான்ட்ராக்டர்ட்ட கேளு" என்றார்கள். கான்ட்ராக்டர் போனை எடுத்தால்தானே? சொந்த ஊரில் ஒரு அட்டை உண்டாம். அதில் அவன் அப்பா பேர் இருக்கிறது, அவன் பேர் இருக்கிறது, பிள்ளை பேர் இல்லை. சேர்க்க வேண்டுமென்றால் நேரில் போக வேண்டும். போனால் இங்கே வேலை போய்விடும்.

அப்போதுதான் சகாயமேரி டீச்சர் வீட்டுக்கு வந்தார். லிப்சாவின் டீச்சர். நல்ல மனுஷிதான், ஆனால் நிதானமான ஆள். "ஆறு மாசத்துக்கு மேல இங்க வேலை செய்யறாங்கன்னு தொழிலாளர் ஆபீசுல ஒரு கடிதம் வாங்கிட்டா, இவங்களுக்கே அட்டை போடலாமுங்க. மூணு வாரம் ஆகும்" என்றார்.

மூன்று வாரம்! நெஞ்சில் ஓட்டையை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை மூன்று வாரம் கடிதத்துக்குக் காத்திருக்குமா? நான் ஒரு கடிதத்துக்குக் காத்திருந்து பார்த்தவள் அம்மிணி. ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் டீச்சர் கட்சி. "அவங்க சொன்னபடியே செஞ்சிரலாம் புள்ள. நான் ஒருநா லீவு போட்டு பிஜய் கூடப் போறேன்" என்றார்.

"எதுக்கு? நம்ம வீட்டுல ஒரு பேரு சும்மாதான கெடக்குது" என்றேன்.

தட்டில் பாதி சோறு இருந்தது. கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்குக் கோபம் அப்படித்தான் வரும். காரணம் ஒன்றும் இருக்காது.

மறுநாள் ரெபதியிடம் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல லிப்சா அவள் அம்மாவுக்குச் சொன்னாள். அட்டையில் என் மகள் பேர் இருக்கிறது, வயது கிட்டத்தட்ட ஒன்றுதான், உன் பிள்ளையை என் பிள்ளை என்று சேர்த்து ஆபரேஷன் செய்துவிடலாம். ரெபதி கையில் இருந்த பனியனின் நூலை வெட்டி முடித்தாள். அப்புறம் ஏதோ கேட்டாள். லிப்சா என்னைப் பார்த்து, "அம்மா கேக்குது, உங்க பொண்ணு கோவிச்சுக்காதா?" என்றாள்.

"கோவிச்சுக்க மாட்டா. அவ ரொம்ப நல்லவ" என்றேன்.

ஆஸ்பத்திரி எது என்று கேட்காதீர்கள். கோயம்புத்தூர்ப் பக்கம். போனில் கேட்டதற்கு இருபத்திரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அது வேறு, கடிதம் வேறு. அதையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போடக்கூடாது. எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் போடுகிறார்.

ஆதார் பிரச்சினை இல்லை. கவிக்கு நாலு வயதில் எடுத்தது. அந்த வயதில் கைரேகை எடுக்கமாட்டார்கள். போட்டோவில் கன்னம் மட்டும்தான் தெரியும், எந்தப் பிள்ளை என்றும் சொல்லலாம். மற்றதெல்லாம் பிள்ளை வாயில் இருக்கிறது. அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு லிப்சாவை என் ரூமுக்கு வரச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன்.

"உம் பேரென்ன?"

"கவிநயா."

"அப்பா பேரு?"

"நடராசு."

"அம்மா பேரு?"

"கோகிலா."

என்னை அவள் மௌசி என்றுதான் கூப்பிடுவாள். அவர்கள் பாஷையில் சித்தி. அது ஆஸ்பத்திரியில் வாய் தவறி வந்துவிட்டால்? அதனால் அம்மா என்றே கூப்பிடச் சொன்னேன். வீட்டிலும்தான். வீட்டில் பழகினால்தானே வெளியில் வரும். நடு வகிட்டை எடுத்துவிட்டுக் கவிக்கு எடுப்பதுபோல் பக்க வகிடு எடுத்தேன். கவி சட்டைகள் பெட்டியில் இருந்தன. அந்தப் பச்சைக் கவுன் இவளுக்கு அளவு எடுத்த மாதிரி இருந்தது. ஒல்லிப் பிள்ளை இல்லையா.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆஸ்பத்திரில கேட்டா சொல்றதுக்கு மூணு வார்த்த போதும் கோகிலா. வகிடு எதுக்கு?"

ஒரு காரியத்தைச் செய்தால் முழுசாகச் செய்ய வேண்டும். செக்கிங் டேபிளில் பதினான்கு வருஷமாக நிற்கிறேன். ஒரு தையல் விட்டிருந்தால் பெட்டி மொத்தமும் திரும்பி வரும்.

பத்தாவது நாளோ என்னவோ, ரெபதி குழாயடியில் நின்று "லிப்சா" என்று கூப்பிட்டாள். பிள்ளை என் வாசலில் உட்கார்ந்திருந்தது. திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டாள். திரும்பவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். பாடம் நன்றாக ஏறிவிட்டது. ரெபதி குடத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். குடம் நிறைந்து வழிந்தது. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.

முப்பத்தெட்டு ஓடுகிறது. இருங்கள், இன்னும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்பது நாள் இருந்து பார்த்தவள். 'முன்னாடி எப்பவாவது சேர்த்திருக்கீங்களா?' என்று கட்டாயம் கேட்பார்கள். அதையும் சொல்லிக்கொடுத்தேன்.

"காய்ச்சலுக்குச் சேர்த்தாங்க. மொத்தம் ஒம்போது நாளு. சொல்லு."

"ஒம்போது நாளு" என்றாள். பிறகு, "அப்புறம் கவிநயா வீட்டுக்கு வந்துச்சா?" என்று கேட்டாள்.

குழந்தைகளிடம் பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. அது என் பழக்கம். வரவில்லை என்றேன். எப்படி வரவில்லை என்று கேட்டாள். சொன்னேன். முதல் நாள் கண் எரிகிறது என்றதிலிருந்து சொன்னேன். ஊசி போட இடம் கிடைக்காமல் காலில் போட்டது, ஏழாவது நாள் பல் ஈறில் ரத்தம் வந்தது, எட்டாவது நாள் பச்சைக் கவுனைப் போட்டுவிடு, வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டது. யாரிடமும் அதுவரை முழுசாகச் சொன்னதில்லை. வீட்டுக்காரர் கேட்கமாட்டார், எழுந்து போய்விடுவார். இந்தப் பிள்ளை உட்கார்ந்து கேட்டது. அதற்குப் பிறகு ஆறு மணிக்கு வந்தால் முதலில் கேள்வி பதில், பிறகு அந்தக் கதை. நான் மறந்துபோனால்கூட அதுவே எடுத்துக் கொடுக்கும். "ஏழாவது நாளு என்னாச்சு?" என்று கேட்கும். எனக்கு மனசு லேசாகும்.

ஒரு நாள் கேட்டாள்: "அந்தப் பேருக்குத் திரும்பக் காய்ச்சல் வருமா?"

சிரித்துவிட்டேன். "பேருக்கு எப்படிடி காய்ச்சல் வரும்? ஆளுக்குத்தான் வரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளை கொஞ்சம் வாடியிருக்கிறதே, சிரிக்க வைப்போம் என்றுதான் இந்த விடுகதையைப் போட்டேன். அட்டையில் மூன்று பேர், வீட்டில் தட்டு இரண்டு. கையில் பனியன் இருந்தது. நூலை வெட்டிக்கொண்டே, "ஒருத்தர் செத்துட்டாங்க. யாரும் அழிக்கல" என்றாள்.

இப்போது உங்களுக்கும் விடை தெரிந்துவிட்டது.

குறித்த நாளில் போனோம். நான், லிப்சா, ரெபதி. பிஜய்க்கு லீவு இல்லை. வார்டில் துணைக்கு ஒரு ஆள்தான் இருக்கலாம். அட்டைப்படி நான்தானே அம்மா? ரெபதியை வெளியே மரத்தடியில் உட்கார வைத்தேன். யாராவது கேட்டால் எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தமிழ் வராது, அந்த ஒரு வரியை மட்டும் லிப்சா சொல்லிக்கொடுத்திருந்தாள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். சோறு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலிலிருந்து லிப்சா கையை ஆட்டினால் ஆட்டவேண்டாம் என்று சொல்வேன். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் எல்லாம் ஆனது. காப்பீட்டு கவுண்டரில் அட்டையைப் பதிந்து ஒப்புதலும் வாங்கிவிட்டார்கள். பிள்ளை கையில் பேர் எழுதின பட்டை கட்டினார்கள். கவிநயா, நடராசு மகள், எட்டு வயது. அதை நான் போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பாருங்கள். அவ்வளவு தெளிவாக இல்லை.

அப்புறம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் நடந்தது ஒரு நிமிஷம்தான், அதைப் பிறகு சொல்கிறேன். ஆபரேஷன் நின்றுபோனது. யாரும் சத்தம் போடவில்லை. என்னிடம் எழுதி வாங்கினார்கள். அட்டையை முடக்கிவிட்டார்கள். இறந்தவர் பேரை நீக்கிவிட்டு வந்தால்தான் திரும்பத் திறக்குமாம். அதற்குத்தான் இங்கே நிற்கிறேன், இறப்புச் சான்றிதழோடு. வீட்டுக்காரர் அதைப் போன வருஷமே வாங்கி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அங்கே இருந்த டாக்டரம்மா ரெபதியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "செஞ்சது தப்புதான். ஆனா வைத்தியம் நிக்காது. இந்தப் புள்ளையோட சொந்தப் பேர்ல கடிதம் வாங்கிட்டு வாங்க, நானே தேதி போட்டுத் தரேன்." லிப்சாதான் அம்மாவுக்குச் சொன்னாள். ஆனால் பிஜய் பயந்துவிட்டான். போலீஸ் வரும், கேஸ் ஆகும் என்று யாரோ பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் மூன்று பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லவில்லை. பச்சைக் கவுனைத் துவைத்து மடித்து என் வாசலில் வைத்திருந்தார்கள். போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்கிறது. ஒரு மாதம் ஆகிறது.

அவர்கள் போன இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, சகாயமேரி டீச்சர் வந்தார். கையில் தொழிலாளர் ஆபீஸ் கடிதம். முதலில் வந்த அன்றைக்கே பிஜயிடம் கையெழுத்து வாங்கி, அவரே நடையாய் நடந்து வாங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூட்டின கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. விலாசம் தெரிந்தால் அனுப்புகிறேன் என்று கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தப் பையில்தான் இருக்கிறது, சான்றிதழோடு சேர்த்து. ஒடிசா என்றால் சின்ன ஊரா? எந்த விலாசத்துக்கு அனுப்புவது?

மனத்தாங்கல் என்று சொன்னேன் இல்லையா? நானாக வலிய வந்து கொடுத்தேன். வேறு யாருக்கும் கொடுக்காத பேர். இரண்டு வருஷமாக ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை அம்மிணி. நான் வாய்விட்டுக் கூப்பிட்டு, ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தது. இன்னும் பத்து நிமிஷம் அந்தப் பேரை வைத்துக்கொண்டிருந்தால் அவளுக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது.

நாற்பத்து மூன்று. சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரிச் சட்டை போட்டுவிட்டார்கள். அதுவும் பச்சைதான். நான் தலை வாரிவிட்டேன். வரிசையாகக் கேட்டு வைத்தேன். எல்லாம் சரியாகச் சொன்னாள். "பேரை மாத்திச் சொன்னா ஆபரேஷன் நடக்காது. அப்புறம் எப்பவும் ஓட முடியாது. தெரியுமில்ல?" என்று கேட்டேன். தெரியும் என்றாள். பிறகு, "கவிநயா கூடவும் நீங்கதான் இருந்தீங்களா?" என்றாள்.

பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா சாமி. கடைசி வரைக்கும் நாந்தான் இருந்தேன். உங் கூடவும் கடைசி வரைக்கும் இருப்பேன்" என்றேன்.

அவள் கையை உருவிக்கொண்டு, அதில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

அங்கே மூன்று இடத்தில் பேர் கேட்பார்கள். ஆள் மாறிவிடக்கூடாது என்று அப்படி ஒரு வழக்கம். வார்டில் நர்ஸ் கேட்டார். கவிநயா என்றாள். லிப்டுக்குப் பக்கத்தில் ஒருத்தர் பட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கவிநயா என்றாள். மூன்றாவது ஆபரேஷன் அறைக் கதவு. அதற்குமேல் நான் போகக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கிற அந்த டாக்டரம்மா வந்தார். கையில் காகிதம். சும்மா வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "உம் பேரென்ன கண்ணு?" என்றார்.

லிப்சா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

"லிப்சா" என்றாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். "அப்ப கவிநயா யாரு?"

"அது இந்த மௌசியோட பொண்ணு. ஒம்போது நாள்ல செத்துப்போச்சு. எங்கம்மா வெளிய மரத்துக்கிட்ட இருக்குது" என்றாள். அழவில்லை. பட்டை கட்டின கையை நீட்டி, கத்தரி இருந்தால் இதை வெட்டிவிடுங்கள் என்றாள்.